கொக்கிக் கம்பிக்கு வேலி என்று பெயர் வைத்தது யார்?

"மின்வேலியில் சிக்கி ஒருவர் பலி." விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம். ஊர் மாறும், வயது மாறும், தலைப்பு மாறாது. உள்ளே போய்ப் படித்தால் கதையும் ஒன்றுதான். காட்டுப்பன்னி வராமலிருக்க, மோட்டார் கொட்டாயிலிருந்தோ மேலே போகிற ஈ.பி. லைனிலிருந்தோ ஒயர் இழுத்து, கழனியைச் சுற்றிக் கட்டிய வெறுங்கம்பியில் மாட்டிவிட்டிருப்பார்கள். இருட்டில் யாரோ மிதித்திருப்பார்கள். போலீஸ் வரும், வழக்குப் பதிவாகும். அப்புறம் இன்னொரு ஊர்.

அந்தத் தலைப்பு பொய் என்பதுதான் இந்தக் கட்டுரை. செத்தவர் மின்வேலியில் சாகவில்லை. மின்வேலிக்கு என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. எனர்ஜைசர் என்று பெயர். அது எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆற்றலை வெளிவிடலாம் என்பதற்குச் சர்வதேசத் தரநிலை இருக்கிறது. செத்தவர் தொட்டது அந்தக் கருவியின் கம்பியை அல்ல, வீட்டு மின்சாரம் ஏற்றிய கம்பியை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம். விளைவு என்ன? கொல்கிற கம்பியைக் கட்டியவர் "வேலிதானே போட்டேன்" என்கிறார். கொல்லாத வேலியை வாங்க நினைக்கிறவரைப் பார்த்து ஊரே "கரண்ட் வேலியா? வேணாம்பா, ஆள் செத்துப்பூடுவாங்க" என்கிறது. ஒரு சொல் இரண்டு பக்கமும் கொலைக்குத் துணை போகிறது.

இது சொல்லாராய்ச்சி விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். எலெக்ட்ரிகல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிற செஞ்சிப் பக்கத்துக்காரனுக்கு இந்தக் கணக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. மனித உடலின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், கம்பியைத் தொட்டவரின் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிக்கொள்ளும், பிடித்த கையை விட முடியாது. ஐம்பது, நூறு என்று போய் ஒரு நொடிக்கு மேல் நீடித்தால் இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கும். இங்கே பாய்வது 230, அதுவும் யாராவது வந்து ஸ்விட்சை அணைக்கும்வரை. பல சமயம் விடியும்வரை.

"பியூஸ் போயிடாதா?" என்று கேட்பார்கள். போகாது. பியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற, ஆளைக் காப்பாற்ற அல்ல. பத்து ஆம்பியர் பியூஸுக்குக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மனிதன் அந்தக் கம்பியில் கிடக்கும்போது மின்வாரியத்தின் கண்ணுக்கு அவன் ஒரு குண்டு பல்பு.

எனர்ஜைசர் வேறு சாதி. பேட்டரியின் 12 வோல்ட்டை ஏற்றி ஒரு மின்தேக்கியை நிரப்பும். நிரம்பியதும் தைரிஸ்டர் என்ற கதவு திறக்கும். சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியே சில ஆயிரம் வோல்ட் துடிப்பாகக் கம்பியில் பாய்ந்து முடிந்துவிடும். பிறகு ஒரு நொடி அமைதி. ஐஇசி 60335-2-76 என்ற சர்வதேசத் தரநிலையும், அதன் இந்திய வடிவமான ஐஎஸ் 302-2-76 என்பதும் இந்தக் கருவிக்காகவே எழுதப்பட்டவை. சர்வதேசத் தரநிலையின் சாரம் இதுதான்: நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது, துடிப்பு 10 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது, 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக் கூடாது.

5000 வோல்ட் 500 ஓமில் 10 ஆம்பியரைத் தள்ளும். வீட்டு மின்சாரத்தைவிட நாற்பது மடங்குக்கும் மேல். ஆனால் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும். பெருக்கினால் 5 ஜூல். இதயத்தைக் குழப்ப அந்த நேரம் பொதுவாகப் போதாது. கையை இழுத்துக்கொள்ள ஒரு முழு நொடி கிடைக்கிறது. வீட்டு மின்சாரக் கம்பியோ ஒரே நிமிடத்தில் 3000 ஜூலுக்கு மேல் உடம்புக்குள் இறக்கும், இடைவெளியே விடாது. பன்னியை விரட்டுவது வலி. ஆளைக் கொல்வது நேரம். இந்த வித்தியாசத்தை மழுங்கடிக்கிற எந்தத் தலைப்பையும் நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன், தீங்கு என்றே சொல்வேன்.

சரி, அப்படியானால் ஏன் யாரும் எனர்ஜைசர் வாங்குவதில்லை? இங்கே இரண்டு கூட்டம் தயாராக வரும். ஒன்று, நகரத்து விலங்குநேயர் கூட்டம்: "விவசாயிகளுக்கு மனசாட்சி இல்லை." இன்னொன்று, "பாவம் சார் விவசாயி, அவன் என்ன பண்ணுவான்" கூட்டம். முதல் கூட்டம், ஒரே ராத்திரியில் காட்டுப்பன்னிக் கூட்டம் உழுதுவிட்டுப் போன மல்லாட்டைக் கொல்லையை ஒருநாளும் பார்த்ததில்லை. பாக்கம் மலைக் காட்டை ஒட்டிய ஊர்களில் போய் நின்று பார்க்கட்டும். நகையை அடகுவைத்து விதை வாங்கி, களை எடுத்து, காய் பிடிக்கிற நேரத்தில் வேரோடு கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். குத்தகைக்கு எடுத்தவனுக்கு அந்தப் போகமே போச்சு.

இரண்டாவது கூட்டத்துக்கும் ஒரு கேள்வி. அந்தக் கம்பியில் சாகிறவர்கள் யார்? ராத்திரி மோட்டார் போடப் போகிற பக்கத்துக் கழனிக்காரர். எலி பிடிக்கப் போகிற இருளர். ஆட்டைத் தேடிப் போகிற பையன். இருட்டில் ஒதுங்கப் போகிற பெண். சில சமயம் கம்பியைக் கட்டியவரே, காலையில் அணைக்க மறந்து. இவர்களில் யாரும் பணக்காரர் இல்லை. ஆக "பாவம் விவசாயி" என்று முடித்துவிட்டால், பாவப்பட்டவர் ஒருவர் இன்னொரு பாவப்பட்டவரைக் கொல்வதற்கு நாம் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். "இலவச மின்சாரம் கொடுத்ததால்தான் இது" என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார். அதுவும் தப்பு. தரையைத் தொடாமல் கட்டிய கம்பி மின்சாரமே குடிக்காது, காசு கொடுத்து வாங்கினாலும் மாசம் சில ரூபாய். காரணம் விலை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கிறது, எனர்ஜைசர் இல்லை. அவ்வளவுதான்.

எனர்ஜைசர் இருக்கிற இடத்தில்கூட நடப்பதைக் கேளுங்கள். எங்கள் பக்கம் பெரியப்பா முறை ஆகிற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "சோலார் வேலி போட்டு ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சிப்பா. அப்புறம் பேட்டரி பூட்ச்சி. பொட்டி டிக் டிக்னு சத்தம் போடுது, பன்னி அதுபாட்டுக்கு உள்ள வருது." அப்புறம் என்ன செய்தீர்கள் என்றேன். பதில் சொல்லாமல் மோட்டார் கொட்டாய்ப் பக்கம் பார்த்தார்.

என் வாதத்தின் மையம் அந்தப் பார்வையில் இருக்கிறது. நம் பொறியியல் பாடங்களில் திறன் ஒரு அத்தியாயம், பாதுகாப்பு வேறொரு அத்தியாயம். திறன் என்றால் கரண்ட் பில் குறைவது, பாதுகாப்பு என்றால் ஆள் சாகாமலிருப்பது. செஞ்சியின் கழனியில் இரண்டும் ஒன்றே. திறமையில்லாத எனர்ஜைசர் யாரையும் கொல்லாது, வெறுமனே செத்துப்போகும். அது செத்த ராத்திரி, காய் முற்றிய கொல்லை எதிரே கிடக்க, அந்த மனிதனின் கை எந்தக் கம்பிக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு இப்படி. 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 500 வோல்ட்டுக்கு நிரப்பினால் 2.5 ஜூல். நொடிக்கு ஒரு தடவை என்றால் 2.5 வாட். இது ஒரு சின்ன எல்இடி பல்பு. ஆனால் மின்தேக்கியை நிரப்பும் சுற்று மட்டமாக இருந்து பாதியைச் சூடாக்கி வீணடித்தால் பேட்டரியிலிருந்து 5 வாட் போகும். ஒரு நாளைக்கு 120 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மணி. அதே சுற்றை 80 சதவீதத் திறனில் செய்தால் 6 ஆம்பியர் மணிக்குக் கொஞ்சம் மேல். ஐப்பசியில் மூன்று நாள் வெயிலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி 30 ஆம்பியர் மணி கேட்கும், இரண்டாவது 19-இல் சமாளிக்கும். முதல் பெட்டியின் ஈய அமில பேட்டரி அடிமட்டம்வரை காலியாகும். அப்படிச் சில முறை காலியானால் அதன் ஆயுள் முடிந்தது. பன்னி பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது, பகலில் துடிப்பை மூன்று நொடிக்கு ஒன்றாகக் குறைத்தால் இன்னும் மிச்சம். ஒரு மின்னணு மாணவன் செமஸ்டர் புராஜெக்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

அடுத்தது எர்த். கம்பியில் பாய்ந்த துடிப்பு பன்னியின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, எனர்ஜைசரின் எர்த் கம்பி வழியாகத் திரும்பினால்தான் வட்டம் முடியும். செஞ்சியோ பாறை பூமி. பங்குனி சித்திரையில் மேல்மண் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கும். அதில் ஒன்றரை அடிக் கம்பியை அடித்துவிட்டு "இது வேலை செய்யல" என்றால் எப்படிச் செய்யும்? கிணற்றோரம், வாய்க்கால் ஓரம் என்று ஈரம் நிற்கிற இடத்தில் ஆழமாக இரண்டு மூன்று கம்பி அடிக்க வேண்டும். வேறு எந்த எர்த்திலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி அடிக்க வேண்டும். அப்போதும் போதவில்லை என்றால் உயிர்க்கம்பிக்குப் பக்கத்திலேயே எர்த் கம்பி ஒன்றையும் ஓடவிட வேண்டும். மூக்கை நீட்டுகிற பன்னி இரண்டையும் ஒன்றாகத் தொடும். பன்னியின் தோலும் மயிரும் தடிப்பு, ஈரமான மூக்குதான் அதன் பலவீனம். அதனால் கீழ்க்கம்பி ஒரு சாணுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அந்த உயரத்தில் முதலில் தொடுவது பன்னி அல்ல, புல். புல் தொட்ட இடமெல்லாம் துடிப்பு கசியும். ஆகவே கம்பியின் அடியில் களை எடுப்பதும் வேலியின் ஒரு பாகம். பெட்டியை விற்கிறவர்களில் எத்தனை பேர் இதை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கிறார்கள்?

இப்போது என் சொந்தச் சாதியான மென்பொருள்காரர்களிடம் வருகிறேன். நம்மைக் கேட்டால் உடனே என்ன சொல்வோம்? செயலி ஒன்று, கேமரா, செயற்கை நுண்ணறிவு, பன்னியை அடையாளம் கண்டு கைபேசிக்குத் தகவல். பேட்டரி செத்த பெட்டிக்கு டேஷ்போர்டு எதற்கு? வேலியின் கடைசி முனையில், துடிப்பு வரும்போதெல்லாம் மினுக்குகிற ஒரு நியான் விளக்கு போதும். கொட்டாயில் படுத்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தால் வேலி உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

எனர்ஜைசருக்குள் மைக்ரோகண்ட்ரோலர் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியில் எவ்வளவு கசிகிறது என்று அளந்து, அதற்கேற்ப அடுத்த துடிப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கிற அறிவு அதற்கு வேண்டும். ஆனால் பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைக்கக் கூடாது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிரைப் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். பழைய மாடல்களில் வன்பொருளில் இருந்த தடுப்புகளை எடுத்துவிட்டு அந்த வேலையை நிரலிடம் கொடுத்திருந்தார்கள். எனர்ஜைசரில் நாம் செய்ய வேண்டியது அதன் எதிர்ப்பக்கம். மின்தேக்கியை நிரப்பும் சுற்று 5 வாட்டுக்கு மேல் கொடுக்கவே முடியாதபடி செய்துவிடு. அப்புறம் நிரல் பைத்தியம் பிடித்து நொடிக்கு ஐம்பது தடவை கதவைத் திறந்தாலும் ஒவ்வொரு துடிப்பிலும் இருப்பது 0.1 ஜூல்தான். அதற்கு மேல், துடிப்பின் இடைவெளியைக் காவல் காக்க நிரலோடு சம்பந்தமில்லாத தனி டைமர் ஒன்று. ஈ.பி.யில் சார்ஜ் ஏற்றுகிற பெட்டியாக இருந்தால், 230 வோல்ட் எந்தக் கோளாறிலும் வேலிக் கம்பிக்குத் தாவாதபடி முழுக் காப்பு. எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு பாகம் கெட்டாலும் கருவி ஆபத்தாகிவிடக் கூடாது என்பது தரநிலை ஏற்கெனவே கேட்பதுதான். முத்திரை இல்லாத பெட்டிகளைச் சந்தையில் விடுவதால்தான் இதை நான் கட்டுரையாக எழுத வேண்டியிருக்கிறது.

அரசு என்ன செய்கிறது? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்கம்பியில் மூன்று யானைகள் ஒன்றாகச் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்து நின்றன. நாடே பேசியது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. காட்டுக்கு அருகே புதிதாக வேலி போட முன் அனுமதி, ஏற்கெனவே இருப்பதற்குப் பதிவு, தரநிலைக்கு உட்பட்ட கருவி. விதி நல்ல விதி. ஆனால் யார் பதிவுசெய்ய வருவார்? ஒழுங்காக எனர்ஜைசர் வாங்கியவர் வருவார். கொக்கி போட்டவர் எந்த அலுவலகத்துக்கு வந்து எந்தப் படிவத்தை நிரப்புவார்? நல்ல வேலிக்குக் காகிதச் சுமை, கொலைக்கம்பிக்கு எந்தச் சுமையும் இல்லை, ஆள் சாகும்வரை. செத்தபிறகு பழைய தண்டனைச் சட்டத்தின் 304, இப்போது நியாய சன்ஹிதாவின் 105. வழக்குப் போடுவது சரிதான். ஆனால் அது பிணத்துக்குப் பிறகு வருகிற நடவடிக்கை.

2025 ஜனவரியில் காட்டுப்பன்னியைச் சுடுவதற்கான ஆணை வந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம், ஒன்று முதல் மூன்றுவரை பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் இல்லை. பன்னியின் தொல்லை மிக அதிகமாக இருப்பது எங்கே? அந்த முதல் கிலோமீட்டரில். அங்கே இருப்பவருக்கு வேலியை விட்டால் வழியே இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஒழுங்கான வேலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய கடமை?

"எல்லாருக்கும் சோலார் வேலி போட அரசாங்கத்துகிட்ட காசு ஏது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 254 மீட்டர். இருபத்தைந்து பேர் தனித்தனியாக ஒவ்வொரு ஏக்கரைச் சுற்றினால் 6,350 மீட்டர் கம்பி. அந்த இருபத்தைந்து ஏக்கரும் ஒரே சதுரமாகச் சேர்ந்து ஒரே வேலி போட்டால் 1,270 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு. ஒரு எனர்ஜைசர், ஒரு பேட்டரி, முறைவைத்துக் களையெடுக்கிற இருபத்தைந்து குடும்பம். செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் சேர்த்து ஒரே மதிலால் வளைத்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்த மதிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாமும் கொண்டாடினோம். மதிலுக்குக் கீழே, ஏக்கருக்கு ஒரு தனிக் கம்பி.

இது கனவுத் திட்டம் இல்லை. இலங்கையில் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய பாதுகாப்பு ஆய்வு மையமும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். காட்டின் எல்லையில் அரசு போட்டுவிட்டுப் போகிற வேலிக்குப் பதிலாக, ஊரைச் சுற்றியும் நெல்வயலைச் சுற்றியும் ஊர்க்காரர்களே போட்டுப் பராமரிக்கிற வேலி. வயல்வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். வேலி யாருடையது என்று தெரிந்தால்தான் அதன் அடியில் புல்லை யார் வெட்டுவது என்று தெரியும். ஏரிப் பாசனத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஊர்களுக்கு இது ஒன்றும் புதிய பாடமும் இல்லை.

ஆகவே நான் கேட்பது ஐந்து.

ஒன்று, பத்திரிகைகள் "மின்வேலி" என்ற சொல்லை எனர்ஜைசர் வேலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மற்றதை "கொக்கிக் கம்பி" என்றோ "மின்பொறி" என்றோ எழுதட்டும். நாளையிலிருந்தே செய்யலாம், ஒரு பைசா செலவில்லை.

இரண்டு, தரமுத்திரை இல்லாத எனர்ஜைசரை விற்கிறவரைப் பிடியுங்கள், வாங்கினவரை அல்ல.

மூன்று, மானியத்தைத் தனி ஆளுக்குக் கொடுப்பதைவிடக் குழுவுக்குக் கொடுங்கள். பெட்டிக்கு மட்டும் கொடுக்காமல், மூன்றாம் வருடம் மாற்ற வேண்டிய பேட்டரிக்கும் சேர்த்துக் கொடுங்கள். திட்டம் சாவது அந்த மூன்றாம் வருடத்தில்தான்.

நான்கு, பம்ப்செட் இணைப்புகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிற கருவியை மின்வாரியம் தன் செலவில் பொருத்தட்டும். புல் பட்டாலே அது விழும், கொக்கிக் கம்பி வேலைக்கே ஆகாது. மேலே போகிற லைனில் நேராகக் கொக்கி போடுகிறவரை இது தடுக்காது என்பது உண்மை. பழைய மோட்டார்களில் அடிக்கடி விழும் என்பதும் உண்மை. மோட்டாரைச் சரிபார்த்துக் கொடுங்கள். கொட்டாயிலிருந்து இழுக்கிற வழியாவது அடைபடட்டும்.

ஐந்து, விழுப்புரம், திருவண்ணாமலை சுற்றி இருக்கிற பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு ஊரிலிருந்து ஒரு செத்த எனர்ஜைசரைத் தூக்கிவந்து பிரித்துப் பார்க்கட்டும். ஏன் செத்தது, இரண்டு வருடத்தில் சாகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதட்டும். காசு கொடுத்து வாங்குகிற புராஜெக்ட் அறிக்கையைவிட அது நிச்சயம் உருப்படியாக இருக்கும்.

இதில் எதற்கும் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நியூசிலாந்தின் மாட்டுப்பண்ணைகளில் 1930களிலேயே தொடங்கி, 1960களில் மின்தேக்கி வடிவத்துக்கு வந்துவிட்ட கருவி இது. அங்கே மாடு உயிரோடு இருக்கிறது, மாட்டுக்காரரும் உயிரோடு இருக்கிறார். இங்கே அடுத்த மல்லாட்டைப் போகம் காய் பிடிப்பதற்குள் இந்த ஐந்தில் ஒன்றாவது நடக்கவில்லை என்றால், அந்தத் தலைப்பு மறுபடியும் வரும். அப்போது வெறும் கம்பியின் மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.